இருபத்தெட்டு நிமிடங்களுக்குக் காரணம்

ஜூன் 12, புதன்

காலை 6.30. இரத்த அழுத்தம் 124/82. காலை உணவு இட்லி மூன்று.

மாலை 4.08-க்குக் கடைக்குத் திரும்பியபோது வாடிக்கையாளர் முக்காலியில் ஒருவர் அமர்ந்திருந்தார். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் புதிய ஆய்வாளர், பெயர் கதிரேசன். அடையாள அட்டையை அவராகவே காட்டினார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது.

"நீங்கதான் ஆவுடையப்பனா?"

"ஆம். உரிமையாளரும் மருந்தாளுநரும் நானே."

"கடை தொறந்திருக்கு, மருந்தாளுநர் இல்லையே சார்?"

"இருபத்தெட்டு நிமிடம் இல்லை. 3.40 முதல் 4.08 வரை."

அவர் ஆதாரம் கேட்கவில்லை. ஆயினும் ஆதாரமின்றிப் பேசுவது என் வழக்கமன்று என்பதால் நடமாட்டப் பதிவேட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். இப்படியொரு பதிவேட்டை எந்தச் சட்டமும் கேட்பதில்லை. கடை தொடங்கிய நாள் முதல் இருபத்தாறு ஆண்டுகளாக நானே வைத்து வருவது. நாள், வெளியேறிய நேரம், திரும்பிய நேரம், காரணம் என நான்கு கட்டங்கள்.

அவர் ஒரு பக்கம் புரட்டினார். பிறகு பின்னோக்கிப் புரட்டினார். பிறகு இன்னும் பின்னோக்கி.

"சார், எல்லாப் புதன்கிழமையும் போறீங்களா?"

"ஆம்."

"எல்லாத்துலயும் காரணம் 'சொந்த அலுவல்'னு இருக்கே. என்ன அலுவல்?"

"சொந்தமானது."

கைப்பேசியில் பக்கங்களைப் படமெடுத்தார். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்தன. படம் தெளிவாக அமையும் பொருட்டு நானே தாள்களை அழுத்திப் பிடித்துக் கொண்டேன்.

ஜூன் 13, வியாழன்

126/82. அலமாரிகளைத் துடைத்தேன். துடைத்த அலமாரிகளை மீண்டும் துடைத்தேன்.

ஜூன் 15, சனி

128/84. எரிவாயு உருளை வந்தது. எடை சரிபார்த்தேன், சரி.

என் கடையில் பதினோரு ஆண்டுகளாக விற்பனை உதவியாளராக இருக்கும் பெண்மணி முப்பிடாதி. சோப்பு, பால் பவுடர், கட்டுத்துணி முதலியவற்றை மட்டுமே அவர் விற்கலாம். மருத்துவச் சீட்டு தேவைப்படும் மருந்துகள் உள்ள அலமாரியை நான் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டுதான் வெளியே செல்வேன். ஆகவே என் மனசாட்சி தெளிவாக உள்ளது. முப்பிடாதிக்குத்தான் மனம் ஆறவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? அந்த நோட்ட அவரு கேட்டாரா?"

"கேட்கவில்லை."

"பெறகு என்னத்துக்குக் காட்டுனிய?"

"அதுதான் உரிய ஆவணம்."

"நான் அப்பமே அவருட்ட, 'டீ குடிக்கப் போயிருக்காவ, இப்ப வந்துருவாவ'ன்னு சொல்லி வச்சிருந்தேன். அவரும் சரின்னு உக்காந்திருந்தாரு. நீங்க வந்து அறுவது புதன்கிழமைய எடுத்துக் குடுத்துட்டிய."

டீ குடிக்கப் போகவில்லையே என்றேன். நான் டீ அருந்துவதில்லை என்பதையும் நினைவூட்டினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு கட்டுத்துணி அடுக்கப் போய்விட்டார்.

ஜூன் 19, புதன்

132/86. ஊறுகாய் காரணமாக இருக்கலாம். ஊறுகாயை நிறுத்தியாயிற்று.

விசாரணை ஒன்று வரக்கூடும் என்ற நிலையில் கடையை விட்டு நகர்வது முறையன்று. ஆனால் என் அழுத்த மாத்திரை இன்று காலையோடு தீர்ந்தது. நானே மருந்துக் கடை வைத்திருந்தும் என் மாத்திரையைக் கீழ ரத வீதிக் கடையில்தான் வாங்குகிறேன். தனக்குத் தானே மருந்து வழங்கும் மருந்தாளுநரைச் சரிபார்க்க யாருமில்லை என்பதே இதற்குக் காரணம். வேறு காரணம் இல்லை.

3.40-க்கு முப்பிடாதியிடம் மருத்துவச் சீட்டைக் கொடுத்து அனுப்பினேன். நடக்க ஒன்பது நிமிடம், அங்கே பத்து நிமிடம், திரும்ப ஒன்பது நிமிடம். 4.08-க்கு வந்திருக்க வேண்டும். 4.31-க்கு வந்தார்.

"என்ன தாமதம்?"

"பேசிக்கிட்டிருந்தோம். 'ஏன் அவுக வரல, உடம்புக்குச் சொகமில்லையா'ன்னு அந்த அக்கா கேட்டா. நான் எல்லாத்தையும் சொன்னேன்."

"எல்லாவற்றையும் என்றால்?"

"ஆய்வாளர் வந்தது, நோட்டு, போட்டோ எடுத்தது, நீங்க தாளப் புடிச்சுக்கிட்டது."

தாளைப் பிடித்துக்கொண்டதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மேலும் ஒரு பிழை. வாரத்துக்கு ஏழு மாத்திரைதான் எனக்கு. பத்து மாத்திரை அட்டையிலிருந்து, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள பக்கமாக ஏழு மாத்திரையை வெட்டித் தருவதே பதினான்கு மாத வழக்கம். இன்று வெட்டாத முழு அட்டை வந்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"'ஆளு வரலன்னா வெட்டி என்ன செய்ய'ன்னு சொன்னா" என்றார் முப்பிடாதி.

இவ்வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்கவில்லை. முரண்பாடு என்று குறித்துக்கொண்டேன்.

ஜூன் 24, திங்கள்

134/86. ஊறுகாய் இல்லை.

பதிவு அஞ்சலில் காரணம் கேட்கும் அறிவிப்பு வந்தது. மருந்தாளுநர் இன்றி 61 முறை கடையைத் திறந்து வைத்திருந்ததற்காக என் உரிமத்தை முப்பது நாள்களுக்கு ஏன் நிறுத்தி வைக்கக்கூடாது என்று கேட்கிறது. ஜூலை 10, புதன், பிற்பகல் 3.30, உதவி இயக்குநர் அலுவலகம், திருநெல்வேலி. நேரிலோ வழக்கறிஞர் மூலமோ தோன்றலாம்.

முப்பது நாள் கடை அடைத்தால் குளிர்பெட்டியில் உள்ள இன்சுலினை எங்கே வைப்பது? தெருவில் ஆறு பேர் அதை நம்பியிருக்கிறார்கள். முப்பிடாதிக்கு முப்பது நாள் என்ன வேலை? கதவில் துறை ஒரு தாள் ஒட்டும். இருபத்தாறு ஆண்டுகளில் எழுத்துப்பூர்வமான ஒரு கண்டிப்பைக்கூடப் பெறாதவன் நான். அந்தத் தாளைப் படித்துவிட்டுத் தெரு முழுவதும் என்னிடம் அதையே கேட்கும், புதன்தோறும் எங்கே போனீர்கள் என்று.

இரவு பதிவேட்டை மூன்று முறை எண்ணினேன். 61 தவறு. 62 என்பதே சரி. மே முதல் நாள் புதன்கிழமையாக அமைந்தது. விடுமுறை என்று கருதி ஆய்வாளர் அதை விட்டிருக்கிறார் போலும். அன்று எனக்கு விடுமுறை இல்லை. கீழ ரத வீதிக் கடைக்கும் இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

வழக்கறிஞர் ஜெபமணி நெஞ்செரிச்சல் மாத்திரை வாங்க வந்தார். முப்பிடாதி என் அனுமதியின்றி அறிவிப்பை அவரிடம் நீட்டினார்.

"இதுக்கா அண்ணாச்சி இம்புட்டு மொகம் வாடிப்போய் இருக்கிய? 'மறதியா வெளிய போயிட்டேன், இனிமே நடக்காது, மன்னிக்கணும்'னு ரெண்டு வரி. நான் எழுதித் தாரேன். முடிஞ்சு."

"மறதி இல்லை. ஒவ்வொரு முறையும் நினைவோடுதான் சென்றேன்."

"சரி, உடம்பு சரியில்லன்னு போடுவோம்."

"அறுபத்திரண்டு புதன்களிலுமா?"

"அறுவத்தொண்ணுல்லா போட்டிருக்கு?"

"அவர்கள் எண்ணிக்கை தவறு. திருத்தம் கோரி என் பதிலில் எழுதப் போகிறேன்."

ஜெபமணி நெஞ்செரிச்சல் மாத்திரை ஒன்றை அங்கேயே பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, நீங்களே போயி வாதாடுங்க. உங்களக் காப்பாத்துத சக்தி எனக்கு இல்ல" என்றார். நானும் அதையே விரும்பினேன்.

ஜூன் 26, புதன்

136/88. மாத்திரை இருப்பு மூன்று. ஆகவே இன்று எவரும் எங்கும் செல்ல வேண்டிய தேவை எழவில்லை. 3.40 முதல் 4.08 வரை கடையிலேயே இருந்தேன். நீண்ட நேரம்.

ஜூன் 29, சனி

பதில் மனுவைத் தொடங்கியிருக்கிறேன். முன்வரலாறு என்ற தலைப்பில் எழுத வேண்டியதை இங்கே முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு ஏப்ரலில் மருத்துவர் எனக்கு இந்த மாத்திரையை எழுதித் தந்தார். எங்கள் ஊரில் மூன்று கடைகளில் கேட்டேன். மூன்றிலும் சீட்டைப் பார்க்காமலே எடுத்து நீட்டினார்கள். வாங்காமல் வெளியேறினேன். நான்காவது கீழ ரத வீதிக் கடை. அங்கிருந்த மருந்தாளுநர், செல்வி வ. சிவகாமசுந்தரி, பி.பார்ம், வயது நாற்பத்தாறு இருக்கலாம், கையை நீட்டி, "சீட்டு?" என்றார். வாங்கி, தேதி பார்த்தார். மருத்துவரின் பதிவு எண் பார்த்தார். என் பெயரைப் படித்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "உக்காருங்க. அழுத்தம் பாக்காம நான் இந்த மருந்தக் குடுக்கதில்ல" என்றார். அளந்து, தம் பதிவேட்டில் எழுதி, சீட்டின் பின்புறம் முத்திரையிட்டு, நாள் குறித்து, சுருக்கொப்பமிட்டார். முத்திரை நேராக இருந்தது. ஒரு பாகைகூடச் சாயவில்லை.

அவர் கடையின் அழுத்தக் கருவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் கருவியில் நாள்தோறும் 124 காட்டும் எனக்கு, அவர் கருவியில் புதன்தோறும் 150-க்கு மேல் காட்டுகிறது. அளவுத் திருத்தம் தேவை என்று பலமுறை எடுத்துரைக்க எண்ணியும் சொல்லவில்லை. அவர் வருந்தக்கூடும்.

இந்தப் பத்தி முழுவதையும் மனுவிலிருந்து நீக்குகிறேன். அரசுக் கோப்பில் மூன்றாம் நபரின் பெயர் தேவையின்றி ஏறக்கூடாது. அதிலும் சிறிய ஊர்.

இன்றும் முப்பிடாதி போய் முழு அட்டை வாங்கிவந்தார். விசாரணை நாளையும் நேரத்தையும் "அந்த அக்கா" கேட்டறிந்ததாகத் தகவல்.

ஜூலை 4, வியாழன்

138/88. பதில் மனு நிறைவுற்றது. 34 பக்கம், அதில் பொருளடக்கம் இரண்டு பக்கம், பிற்சேர்க்கைகள் ஒன்பது. பிற்சேர்க்கை 4: அறுபத்திரண்டு புதன்களின் ரசீதுப் பட்டியல். அந்த இருபத்தெட்டு நிமிடங்களில் சீட்டு மருந்து ஒன்றுகூட விற்கப்படவில்லை என்பது வரிசை எண்களோடு நிறுவப்பட்டுள்ளது. பிற்சேர்க்கை 7: என் அன்றாட இரத்த அழுத்தக் குறிப்பு, நான் உடல்தகுதியோடு தொழில் செய்கிறேன் என்பதற்கு. பிற்சேர்க்கை 9: எண்ணிக்கைத் திருத்தம்.

ஜூலை 7, ஞாயிறு

கடை அரை நாள். ஒத்திகை பார்த்தோம். முப்பிடாதி உதவி இயக்குநராக முக்காலியில் அமர்ந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டதும் அவர் முகமே மாறிவிட்டது.

"ஏய்யா, புதன்கிழமை எங்க போன?"

"மதிப்பிற்குரிய அம்மையீர், விதி 65-இன் நோக்கமானது சீட்டு மருந்துகளின் விற்பனையை மேற்பார்வையிடுவதேயன்றி..."

"அத விடு. எங்க போன?"

"அவ்வினா இவ்விசாரணைக்குப் பொருந்தாது."

"எங்க போனன்னு கேக்கேன்லா?"

"முப்பிடாதி, அவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். சட்டம் படித்தவர்கள்."

அவர் முக்காலியிலிருந்து இறங்கினார். "அண்ணாச்சி, சட்டம் படிச்சவுகளும் மொதல்ல அதத்தான் கேப்பாவ. ரேடியோ மாதிரி பேசாம நெசத்தச் சொல்லிருங்க. ஊருக்கே தெரிஞ்ச சங்கதி."

ஊருக்கு என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. வாழைத்தண்டு நறுக்கும் வேலை இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

140/90. சட்டையைத் தேய்த்தேன். மனுவின் மூன்று படிகளையும் தைத்தேன். கடைசி மாத்திரையை விழுங்கினேன். நாளைக்கு இல்லை என்பது விழுங்கிய பிறகே உறைத்தது. பதினான்கு மாதங்களில் இருப்புக் கணக்கு தவறுவது இதுவே முதன்முறை.

ஜூலை 10, புதன்

அழுத்தம் அளக்கவில்லை. அளக்கும் துணிவு இல்லை என்பதே உண்மை.

கடையை அடைத்துவிட்டுப் புறப்பட்டேன். 3.10-க்கு அலுவலகத்தில் இருந்தேன். 3.30 என்றது 4.20 ஆயிற்று. உதவி இயக்குநர் திருமதி நூர்ஜஹான், ஐம்பதைக் கடந்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பக்கத்தில் ஆய்வாளர் கதிரேசன், ஓர் ஓரத்தில் தட்டச்சர்.

"வக்கீல் வரலையா?"

"எனக்காக நானே தோன்றுகிறேன் அம்மா."

"முப்பத்துநாலு பக்கத்தையும் படிச்சேன். என் சர்வீஸ்ல, 'நீங்க சொன்னதவிட ஒரு தப்பு கூடச் செஞ்சிருக்கேன்'னு எழுதிக் குடுத்த மொத ஆள் நீங்கதான்." கதிரேசன் பக்கம் திரும்பினார். "அறுபத்திரண்டாமே?"

"மே ஒண்ணு மேடம். லீவுன்னு நெனச்சேன்" என்றார் அவர் மெல்ல.

"சரி. ரசீதெல்லாம் பாத்தேன், ஒழுங்கா இருக்கு. ஆனா ரசீது போடாமலும் விக்கலாமே? அலமாரியப் பூட்டிச் சாவியக் கொண்டு போயிருவேன்னு எழுதியிருக்கீங்க. சாவி உங்ககிட்டதான் இருந்துச்சுன்னு யாரு பாத்தா?"

"நான் கூறுவதே உண்மை."

"உண்மையாத்தான் இருக்கும். இருந்தாலும் ஃபைல்ல ஒரு ஆதாரம் வேணும்ல? நீங்களே ஆதாரப் பிரியர். எங்க போனீங்க?"

முப்பிடாதி கேட்டதே. தொனிகூட அதுவே.

"அதைக் கூற இயலாத நிலையில் இருக்கிறேன்."

"தப்பான எடமா?"

"மிகச் சரியான இடம்."

"அப்ப சொல்லுங்களேன்."

"மூன்றாம் நபர் ஒருவரின் பெயர் இக்கோப்பில் ஏறுவதை நான் விரும்பவில்லை."

உதவி இயக்குநர் பேனாவை மூடினார். "ஐயா, உங்கமேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா காரணம் கேட்டுத்தான் இந்த விசாரணையே. காரணத்தச் சொல்ல மாட்டேன்னா நான் முப்பது நாள் போட்டுத்தான் ஆகணும்."

இன்சுலினை நினைத்தேன். முப்பிடாதியை நினைத்தேன். "போடுங்கள் அம்மா" என்றேன்.

"போடாதீங்க மேடம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

செல்வி சிவகாமசுந்தரி கடைசிப் பெஞ்சில் அமர்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. சாம்பல்நிறப் புடவை. கையில் அவர் கடைப் பதிவேடு, மடியில் ஒரு பிஸ்கட் டின். எழுந்து முன்னால் வந்தார்.

"மூணாம் நபர் நான்தான். இவரு புதன்கிழமை 3.49-க்கு என் கடைக்கு வருவாரு, 3.59-க்குக் கெளம்புவாரு. அழுத்த மாத்திரை வாங்க. அறுபத்திரண்டு தடவையும் எழுதியிருக்கேன்."

"சாவி?"

"அழுத்தம் பாக்கும்போது சட்டைப் பையில கனம் இருந்தா அளவு மாறும்னு சொல்லி, சாவிக் கொத்த எடுத்து மேசை மேல வைப்பாரு. பித்தளை வில்லை தொங்கும். நாலுன்னு எண் கொத்தியிருக்கும்."

உதவி இயக்குநர் என்னை நோக்கிக் கை நீட்டினார். சாவிக் கொத்தை எடுத்து வைத்தேன். வில்லையில் நான்கு. அலமாரி எண் நான்கு, பிற்சேர்க்கை 2, பக்கம் 19 என்று எடுத்துக் கூறினேன்.

"இப்ப உங்க கடைய யாரு பாக்கா?" என்று அவரிடம் கேட்டார் உதவி இயக்குநர்.

"பூட்டிட்டு வந்தேன் மேடம். 'மருந்தாளுநர் வெளியே சென்றிருப்பதால் கடை அடைப்பு'ன்னு பலகை போட்டுட்டு."

"பாத்தீங்களா ஐயா? ஒரு பலகை. முப்பத்துநாலு பக்கம் மிச்சம்."

இருபத்தாறு ஆண்டுகளாகப் பதிவேடு வைத்தவனுக்கு ஒரு பலகை வைக்கத் தோன்றவில்லை.

உதவி இயக்குநர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கம் வந்ததும் நிறுத்தினார். என் மனுவை இழுத்து, கடைசிப் பக்கங்களுக்குச் சென்று, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"ஐயா, இவங்க நோட்டுல உங்களுக்கு 152, 150, 154, 156. உங்க பிற்சேர்க்கை ஏழுல அதே நாள் காலையில 124. எது சரி?"

"என்னுடையது சரி. அவர்கள் கடைக் கருவிக்கு அளவுத் திருத்தம் தேவை என்று கருதுகிறேன்."

"கருவி நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார் செல்வி சிவகாமசுந்தரி, என்னைப் பார்க்காமல். "போன மாசம்தான் சரிபாத்தேன். மத்தவங்களுக்கெல்லாம் சரியாத்தான் காட்டுது."

தட்டச்சர் தட்டுவதை நிறுத்தினார். கதிரேசன் மின்விசிறியை மிகக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஆவுடையப்பன் சார்," என்றார் உதவி இயக்குநர், முகத்தைப் பெரும் முயற்சியோடு நேராக வைத்துக்கொண்டு, "இதையும் ஃபைல்ல ஏத்தணுமா?"

"வேண்டாம் அம்மா" என்றேன். வாழ்நாளில் ஓர் ஆவணத்தை வேண்டாம் என்று சொன்னது அதுவே முதன்முறை.

ஆணை அஞ்சலில் வரும் என்றார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் அருகே நின்றோம்.

"இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?"

"இல்லை. இருப்பு தீர்ந்துவிட்டது."

"தெரியும். நேத்தோட தீந்திருக்கும்." பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே சிறுசிறு காகித உறைகள், ஒரே அளவில், வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு புதன்கிழமையின் தேதி, அதன் கீழே தொகுதி எண், காலாவதித் தேதி. ஒவ்வோர் உறையிலும் மூன்று மாத்திரை. நான் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவை இல்லை. மே 1 என்ற உறையும் இருந்தது.

"நீங்க தேதி உள்ள பக்கமா ஏழு வெட்டிக் கேப்பீங்க. மிச்சம் மூணுல தேதி இருக்காது. தேதி இல்லாதத நான் எப்படி விக்க?"

நான் திகைத்துப்போனேன். பத்தில் ஏழு போனால் மூன்று மிஞ்சும். இத்தனை எளிய கழித்தலை நான் ஒரு புதன்கூடச் செய்து பார்க்கவில்லை. என் ஒழுங்கு முழுவதும் அவர் டின்னில் மிச்சமாகக் கிடந்தது.

"இதை முதல் வாரமே என்னிடம் சொல்லியிருக்கலாமே. பத்தாக வாங்கியிருப்பேன்."

"வாங்கியிருப்பீங்க" என்றார். "பத்து வாங்குனா பத்து நாளைக்கு ஒருக்கத்தான வருவீங்க?"

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடைப்பான் தேய்ந்திருக்க வேண்டும்.

ஜூன் 12 என்ற உறையைப் பிரித்து ஒரு மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தார். அட்டையில் தொகுதி எண் இல்லை, தேதி இல்லை. அவர் கையெழுத்து மட்டும் உறையின் மேல். விழுங்கினேன்.

திரும்பும் பேருந்து 5.35. இருவர் இருக்கை. மேலும் எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 11, வியாழன்

124/82.

ஜூலை 12, வெள்ளி

குளிர்பெட்டியின் கதவு ரப்பரை மாற்றினேன். முப்பிடாதி காலையிலிருந்து ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருக்கிறார். கடையில் பாடக்கூடாது என்று விதி உள்ளது. எழுதி ஒட்டியவனே நான்தான். இன்று நினைவூட்டவில்லை.

ஜூலை 22, திங்கள்

ஆணை வந்தது. உரிமம் நிறுத்தப்படவில்லை. மருந்தாளுநர் வெளியே செல்லும் நேரத்தில் கடையை அடைத்து அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்று எச்சரிக்கை. முப்பிடாதி ஆணையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கடை தப்பிச்சுது, அண்ணாச்சியும் தப்பிச்சாவ" என்றார்.

பத்தி 3-இல் "62 முறை" என்று சரியாகத் திருத்தப்பட்டுள்ளது. பத்தி 5: "சொந்த அலுவல் என்ற விளக்கம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது."

ஜூலை 24, புதன்

பலகை தயார். வெள்ளையில் கறுப்பு எழுத்து. முப்பிடாதி படித்தார்: "'புதன் 3.40 முதல் 4.08 வரை கடை அடைப்பு.' இருவத்தெட்டு நிமிசம் காணுமா அண்ணாச்சி?"

போதும் என்றேன். "எனக்குன்னா காணாது" என்றார் பொதுப்படையாக.

3.49-க்குக் கீழ ரத வீதி. விசாரணை நாளன்று அவர் டின்னிலிருந்து தந்த ஐந்து உறைகளும் இன்று காலையோடு தீர்ந்தன. சீட்டை நீட்டினேன். தேதி பார்த்தார், பதிவு எண் பார்த்தார், பெயரைப் படித்து முகத்தைப் பார்த்தார். அறுபத்திரண்டு முறை பார்த்த முகம். சாவிக் கொத்தை மேசை மேல் வைத்தேன்.

"ஏழா, பத்தா?" என்றார். கத்தரிக்கோல் கையில் இருந்தது.

"மூன்று" என்றேன்.

"மூணா? சனிக்கிழமையோட தீந்துருமே?"

"தீர்ந்துவிடும்."

அவர் அட்டையைத் திருப்பினார். தேதி உள்ள பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்தார். நான் கை நீட்டி அட்டையை மறுபக்கம் திருப்பினேன். தேதி இல்லாத மூன்றை நான் எடுத்துக்கொண்டேன். தேதியுள்ள ஏழு அவரிடமே இருக்கட்டும், அதை அவர் விற்க முடியும்.

கத்தரிக்கோல் வெட்டி முடித்த பிறகும் சற்று நேரம் அங்கேயே இருந்தது.

கடைக்கு வந்து நடமாட்டப் பதிவேட்டை நிரப்பினேன். வெளியேறிய நேரம் 3.40. திரும்பிய நேரம் 5.15. காரணம் என்ற கட்டம் சிறியது, ஆகவே தலைப்பெழுத்தையும் பட்டத்தையும் விட்டுவிட்டு அவர் பெயரை மட்டும் எழுதினேன்.

பலகையைத் திருத்த வேண்டும். சனிக்கிழமையையும் சேர்க்க வேண்டும்.

கீழ ரத வீதியில் அளந்தது 158/96. கருவியில் குறையில்லை.